டாக்டர் பதில்கள்: லிம்போமாவும் பெட் ஸ்கேனும்

இரண்டு இதழ்களுக்கு முன், கழுத்தில் வரும் நெறிக்கட்டிகள் பற்றி ஒரு வாசகிக்குப் பதில் எழுதியபோது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. பாதிக் கடிதங்களோடு பெட் ஸ்கேன் (உடம்பில் எங்கே சர்க்கரை அதிகமாகச் செலவாகிறது என்று காட்டும் ஸ்கேன்) ரிப்போர்ட்டின் நகலும் இருந்தது. அதில் யாரோ பேனாவால் சில வரிகளை வட்டமிட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்த பிறகு இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. மூன்று மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரியில் பனியனைப் பிழியும் அளவுக்கு வியர்வை, உடம்பு பாதியாகிவிட்டது. பயாப்ஸியில் (திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ஹாட்ஜ்கின் லிம்போமா (லிம்போமாவில் ஒரு வகை) என்று வந்தது. பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஸ்டேஜ் 4 பி' என்று போட்டிருக்கிறார்கள். என் கொழுந்தனார், "நாலாவது ஸ்டேஜ் என்றால் இனி ஒன்றும் இல்லை, பிள்ளையைக் கஷ்டப்படுத்தாமல் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுங்கள்" என்கிறார். நிலத்தை விற்று வைத்தியம் பார்க்கவா, வேண்டாமா?
- ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே பத்திரிகை அலுவலகம் மூலமாகச் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டாம், கீமோவைத் தொடங்குங்கள் என்பதுதான் அந்தப் பதில். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கொழுந்தனார் சொன்னதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்ன உறவினர்கள் இன்னும் ஏழெட்டுக் கடிதங்களில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நுரையீரல் புற்றுநோயோ வயிற்றுப் புற்றுநோயோ வந்த யாரையோ பார்த்திருப்பார்கள், அங்கே நான்காவது ஸ்டேஜ் என்றால் நோய் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போய்விட்டது, பெரும்பாலும் முழுசாகக் குணமாக்க முடியாது என்று அர்த்தம், அந்தக் கணக்கை அப்படியே இங்கேயும் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

லிம்போமா வேறு மாதிரி. இது லிம்போசைட் என்ற வெள்ளை அணுவில் பிறக்கிற நோய். அந்த அணுவின் வேலையே உடம்பு முழுக்கச் சுற்றுவதுதான், ரத்தத்தில் ஓடும், நிணநீரில் ஓடும், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று அங்கங்கே நிணநீர்க் கணுக்களில் தங்கிவிட்டுப் போகும். அப்படிப்பட்ட அணுவில் வந்த நோய் பல இடங்களில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதற்குக் கொடுக்கிற மருந்தும் ரத்தத்தில் ஏறி எல்லா இடத்துக்கும் போகிற மருந்துதான்.

ஸ்டேஜ் போடுகிற முறை இதுதான். ஒரே ஒரு கணுப் பகுதியில் இருந்தால் 1. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகளில், ஆனால் எல்லாமே உதரவிதானத்துக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் 2. உதரவிதானம் என்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு ஏறி இறங்குகிற தசைத் தடுப்பு, அதற்கு மேலேயும் கீழேயும் இருந்தால் 3. கல்லீரல், நுரையீரல், எலும்பு மஜ்ஜை மாதிரி கணு அல்லாத உறுப்புகளில் பரவலாக இருந்தால் 4. 1971இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் கூடி வகுத்த முறை இது, அதனால் ரிப்போர்ட்டில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். 'பி' என்பது நீங்கள் எழுதியிருக்கிற அதே அறிகுறிகள்: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நனைந்துபோகிற இரவு வியர்வை, 6 மாதத்தில் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 'பி', எதுவும் இல்லாவிட்டால் 'ஏ'. இது நோய் எங்கெங்கே இருக்கிறது என்கிற இடக்கணக்கு. பிழைப்பாரா மாட்டாரா என்பதற்கான தீர்ப்பு இதில் இல்லை.

முற்றிய நிலை ஹாட்ஜ்கினுக்கு டாக்டர்கள் ஏழு விஷயங்களை வைத்து மதிப்பெண் போடுவார்கள்: ரத்தத்தில் அல்புமின், ஹீமோகுளோபின், வெள்ளை அணு எண்ணிக்கை, லிம்போசைட் எண்ணிக்கை, வயது 45ஐத் தாண்டியிருக்கிறதா, ஆணா, அப்புறம் ஸ்டேஜ் 4ஆ. பாருங்கள், நீங்கள் மொத்தமாகப் பயந்துபோயிருக்கிற அந்த 4, ஏழில் ஒன்று மட்டும்தான். ஹாட்ஜ்கின் நோயில் நான்காவது ஸ்டேஜில் வந்தவர்களிலும் பெரும்பாலோர் குணமாகிறார்கள். பயப்பட வேண்டியது தாமதத்துக்கும், பாதியில் நிறுத்துவதற்கும்தான். நிலத்தை விற்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள், மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று இருக்கிற மேசையில் ரேஷன் கார்டோடு போய் உட்கார்ந்து, எது எதற்குப் பணம் கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இளம் வயது என்பதால் கீமோவுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றியும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லப் பையன் கூச்சப்படுவான், டாக்டர்கள் அவசரத்தில் சொல்ல மறந்துவிடுவார்கள், பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லாத விஷயம் அது.

கேள்வி: ஏற்கெனவே சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இப்போது மறுபடியும் பெட் சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். ஒரே உடம்பை எத்தனை தடவைதான் ஸ்கேன் எடுப்பது? பணம் பிடுங்கத்தானே இது?
- வாசகர், ஈரோடு

பதில்: கோபம் புரிகிறது. தேவையில்லாத ஸ்கேன்கள் எழுதப்படுகிற ஊரில்தான் நாமும் இருக்கிறோம். ஆனால் இது அந்த வகை இல்லை.

சி.டி. அளவைப் பார்க்கும். கணு 1.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிசு, சந்தேகம், தாண்டாவிட்டால் சரி, கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1 சென்டிமீட்டர் கணுவுக்குள் லிம்போமா இருந்தால் அதற்குத் தெரியாது, 2 சென்டிமீட்டர் கணு பழைய தொற்றின் தழும்பாக இருந்தாலும் தெரியாது. பெட் பார்ப்பது அந்தக் கணு என்ன வேலை செய்கிறது என்பதை. வேகமாகப் பெருகுகிற அணுக்கள் குளுக்கோஸை அள்ளிக் குடிக்கும், இதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்துச் சொன்னார். குளுக்கோஸ் மாதிரியே இருக்கிற, ஆனால் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டவைத்த ஒரு சர்க்கரையை ஊசியில் ஏற்றினால், அது உள்ளே போய் ஜீரணமாகாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அந்த ஃபுளோரினிலிருந்து பாசிட்ரான் என்ற துகள் வெளிவந்து பக்கத்திலிருக்கிற எலெக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிந்துபோகும்போது, நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். உங்களைச் சுற்றி வளையமாக இருக்கிற கருவி அந்த ஜோடியை ஒரே நேரத்தில் பிடித்து, எங்கேயிருந்து வந்தது என்று கணக்குப் போடும். கூடவே எடுக்கிற சி.டி. அந்த இடத்துக்கு முகவரி கொடுக்கும். இரண்டையும் ஒரே கருவியில் சேர்த்தது 1990களின் கடைசியில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில். நம் நாட்டில் பெட் ஸ்கேன் மும்பையில் 2002இல் ஆரம்பித்தது, ஆக இது நம்மிடம் ரொம்பப் பழைய சங்கதியும் இல்லை.

சி.டி.யை மட்டும் வைத்துப் போட்ட ஸ்டேஜ், பெட் எடுத்தபிறகு 10 முதல் 30 சதவீத நோயாளிகளுக்கு மாறுகிறது, அதுவும் பெரும்பாலும் கூடுகிறது. ஸ்டேஜ் 2 என்று நினைத்துக் குறைந்த கீமோவும் கழுத்துக்கு மட்டும் ரேடியேஷனும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், மண்ணீரலில் இருந்த நோய் அப்படியே உட்கார்ந்திருக்கும். இதனால்தான் லிம்போமா நிபுணர்கள் வகுத்து 2014இல் வெளியான லுகானோ வழிகாட்டுதல்கள், சர்க்கரையை நன்றாக எடுத்துக்கொள்ளும் லிம்போமாக்களுக்குப் பெட் சி.டி.யையே முறையான ஸ்டேஜிங் பரிசோதனை என்று சொல்லிவிட்டன.

இந்தக் கருவி வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள் தெரியுமா? 1960களின் கடைசியிலிருந்து ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு, ஸ்டேஜ் தெரிந்துகொள்வதற்காகவே வயிற்றைத் திறந்து, மண்ணீரலை எடுத்து, கல்லீரலில் துண்டு வெட்டி, உள்ளே இருக்கிற கணுக்களைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார்கள். அது சிகிச்சை இல்லை, வெறும் பரிசோதனை. மண்ணீரல் போனவர்களுக்கு வாழ்நாள் முழுக்க நியூமோகாக்கஸ் மாதிரிக் கிருமிகளின் பயம். இன்று அதெல்லாம் ஒரு ஊசி, ஒரு மணி நேர ஓய்வு, அரை மணி நேரம் படுத்திருப்பது என்று ஆகியிருக்கிறது. ஹாட்ஜ்கினில் இடுப்பெலும்பில் துளை போட்டு மஜ்ஜை எடுக்கிற வேலையும் பெட் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அந்த வலியை அனுபவித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

உங்களுக்கு ஒரு யோசனை. இனி யாருக்காவது பயாப்ஸியில் லிம்போமா என்று வந்தால், தனியாக சி.டி. எழுதும்போதே "நேரடியாகப் பெட் சி.டி. போய்விடலாமா, டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். பல நேரங்களில் முதல் சி.டி.யின் செலவு மிச்சமாகும்.

கேள்வி: அக்காவின் பெட் ஸ்கேன் படத்தில் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று எல்லா இடமும் எரிகிறது. ரிப்போர்ட்டிலேயே "லிம்போமாவாக இருக்கலாம்" என்று எழுதிவிட்டார்கள். அப்புறமும் கத்தி வைத்துப் பயாப்ஸி எடுக்க வேண்டும் என்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். படத்தைப் பார்த்தே மருந்து ஆரம்பிக்கக் கூடாதா?
- வாசகர், கடலூர்

பதில்: கூடாது தம்பி. இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் எழுத முடியும் என்று சொல்லியிருந்தால் நான் இதைத்தான் எழுதியிருப்பேன்.

படத்தில் எரிகிறது என்றால் அங்கே சர்க்கரை அதிகமாகச் செலவாகிறது, அவ்வளவுதான் அர்த்தம். புற்றுநோய் சர்க்கரையைக் குடிக்கும். காசநோயும் குடிக்கும். உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நம் ஊரில் கழுத்திலும் நெஞ்சிலும் வயிற்றிலும் கணுக்கள் வீங்கி, ராத்திரி வியர்த்து, எடை குறைந்து வருகிற ஒருவருக்கு டி.பி.யா லிம்போமாவா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல யாராலும் முடியாது, நான் இருபது வருஷமாக இந்தப் படங்களைப் படிக்கிறேன், என்னாலும் முடியாது. சார்க்காய்டோசிஸ் என்று புற்றுநோய் அல்லாத இன்னொரு நோய் இருக்கிறது, அதுவும் இதே மாதிரி எரியும்.

பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். கழுத்தில் கட்டி, ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள், தெளிவாக ஒன்றும் வரவில்லை, டி.பி.யாக இருக்கும் என்று ஒரு மருத்துவமனையில் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். 6 மாதம் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டாள். எங்களிடம் வந்தபோது படுத்தால் மூச்சு முட்டியது, நெஞ்சுக்குள் கட்டி அவ்வளவு பெரிசாகியிருந்தது. முழுக் கணுவை எடுத்துப் பார்த்ததும் ஹாட்ஜ்கின். அவள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த 6 மாதம் அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை, சிகிச்சையும் அவளுக்கு வேண்டியதைவிடக் கடினமானதாகிவிட்டது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: புற்றுநோய் முற்றிவிட்டது என்று நினைத்து நம்பிக்கையை விட்டு வந்தவர்களுக்குப் பயாப்ஸியில் காசநோய் என்று வந்து, மாத்திரையிலேயே எல்லாம் கரைந்துபோனதையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், லிம்போமா ஒரே நோய் இல்லை. டஜன் கணக்கில் வகைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, சிலவற்றுக்கு உடனே மருந்தே தேவைப்படாது. எந்த வகை என்று கணுவை வெட்டிச் சாயம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முடிந்தவரை முழுக் கணுவாக எடுக்கச் சொல்லுங்கள், முடியாத இடமென்றால் தடிமனான ஊசியால் திசுத் துண்டுகள் எடுக்கட்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சுவது டி.பி. பார்க்க உதவும், லிம்போமாவுக்குப் போதாது. எடுத்த திசுவில் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் டி.பி. பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள், இதைச் சொல்லாவிட்டால் மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள், அதன் பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது.

அக்காவுக்கு ஏற்கெனவே பெட் எடுத்துவிட்டதால் ஒரு லாபமும் உண்டு. எந்தக் கணு அதிகமாக எரிகிறதோ, அதில் கைக்கு எட்டுகிறதைப் பார்த்து எடுக்கலாம், தவறான கணுவை எடுத்துவிட்டு மறுபடி வெட்ட வேண்டியிருக்காது. கத்தி பட்டால் லிம்போமா பரவும் என்பது உண்மையே இல்லை, அதை வீட்டில் உறுதியாகச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பயாப்ஸிக்கு முன்னால் வீக்கம் குறைய என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், மூச்சு முட்டுகிற அவசரம் இல்லாதவரை வாங்கிப் போட வேண்டாம். கட்டி தற்காலிகமாகச் சுருங்கும், பயாப்ஸியிலும் ஒன்றும் தெரியாமல் போகும்.

கேள்வி: எனக்கு 68 வயது, 20 வருடமாகச் சர்க்கரை. காலையில் மாத்திரை, இரவில் இன்சுலின். பெட் ஸ்கேனுக்குப் பட்டினியாக வரச் சொல்லியிருக்கிறார்கள். மயக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மருந்தை என்ன செய்வது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, முதலில் ஸ்கேன் சென்டருக்கு போன் செய்து "சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களுக்கென்று நேரம் பார்த்துக் கொடுப்பார்கள்.

விஷயம் இதுதான். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால், ஊசியில் வருகிற கதிரியக்கச் சர்க்கரைக்குக் கட்டிக்குள் நுழைய இடம் கிடைக்காது, படம் மங்கிப்போகும். பொதுவாக 200க்குக் கீழே இருந்தால்தான் ஊசி போடுவார்கள், அதற்கு மேல் இருந்தால் வேறு நாள் வரச் சொல்வார்கள். சரி, அப்படியானால் அவசரமாக இன்சுலின் போட்டுக் குறைத்துவிட்டுப் போகலாமா என்றால் அதுவும் தப்பு, ஏனென்றால் இன்சுலின் சர்க்கரையையெல்லாம் தசைக்குள் தள்ளிவிடும், படத்தில் கட்டிக்குப் பதிலாகத் தொடையும் தோளும்தான் தெரியும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை படத்தில் குடலை எரிகிற மாதிரி காட்டும், வயிற்றுக் கணுக்களைப் பார்க்க வேண்டியிருந்தால் 2 நாளைக்கு முன்பே நிறுத்தச் சொல்லலாம். இதையெல்லாம் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், உங்கள் சர்க்கரை டாக்டரும் ஸ்கேன் டாக்டரும் பேசி ஒரு காகிதத்தில் எழுதித் தரட்டும். எத்தனை மணிக்குக் கடைசிச் சாப்பாடு, எந்த மருந்து போடலாம், எது கூடாது என்று.

பட்டினி என்பது பொதுவாக 4 முதல் 6 மணி நேரம். தண்ணீர் நிறையக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். காப்பி, டீ, இளநீர், வாயில் போட்டுக்கொள்ளும் மிட்டாய், வெற்றிலை பாக்கு எதுவும் கூடாது. ஸ்கேனுக்கு முந்தின நாள் வேகநடை, மாடியேறுவது எல்லாம் வேண்டாம். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் ஓர் அறையில் சும்மா படுத்திருக்க வேண்டும், போன் பேசக்கூடப் பேசாதீர்கள், பேசினால் குரல்வளைத் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்தால் போர்வை கேளுங்கள், குளிரில் கழுத்தோரக் கொழுப்பு படத்தில் எரிந்து கணு மாதிரி ஏமாற்றும். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால், படபடப்பு, கை நடுக்கம் என்று தோன்றினால் தயங்காமல் நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், உங்களைவிட ஸ்கேன் பெரிசில்லை. ஸ்கேனுக்குச் சற்று முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். முடிந்ததும் சாப்பிடப் பொட்டலம் கையில் இருக்கட்டும், கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

கேள்வி: பெட் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தால் பேத்தியைத் தூக்கலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அன்று சாயங்காலம் வரை வேண்டாம், மறுநாள் காலையில் ஆசை தீரத் தூக்குங்கள். அந்த மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும், மறுநாள் காலைக்குள் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரிடமிருந்தும் அன்று கொஞ்சம் தள்ளி இருங்கள். உங்கள் பாத்திரம், துணி எதையும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. உங்கள் உடம்புக்கு வரும் கதிர்வீச்சு, சி.டி.யையும் சேர்த்துப் பொதுவாக 10 முதல் 25 மில்லிசீவர்ட். இயற்கையாகவே நமக்கு வருடத்துக்கு 2.4 அளவில் வந்துகொண்டிருக்கிறது. ஆக இது சும்மா எடுத்துப் பார்க்கிற ஸ்கேன் இல்லை, ஆனால் லிம்போமாவுக்குத் தேவையென்றால் பயந்து தவிர்க்கிற அளவும் இல்லை. இதே பையில் வந்த இன்னொரு கடிதத்துக்கும் இங்கேயே பதில்: திருப்பூர் வாசகரே, நோய் எதுவும் இல்லாமல் மாஸ்டர் ஹெல்த் செக்கப் மாதிரிப் பெட் எடுத்துப் பார்க்கலாமா என்றால், வேண்டாம்.

கேள்வி: இரண்டு கீமோ முடிந்து எடுத்த பெட் ஸ்கேனில் "டோவில் ஸ்கோர் 3" என்று வந்திருக்கிறது. முதல் ஸ்கேனில் எஸ்.யூ.வி. 14 இருந்தது, இப்போது 2.3. இணையத்தில் தேடினால் ஒருவர் 2.5க்கு மேல் இருந்தால்தான் புற்றுநோய் என்கிறார், இன்னொருவர் 3 என்றால் நோய் இன்னும் இருக்கிறது என்கிறார். தூக்கமே இல்லை.
- 31 வயது ஹாட்ஜ்கின் நோயாளி, சேலம்

பதில்: தூங்குங்கள். நல்ல செய்திதான் வந்திருக்கிறது.

டோவில் என்பது பிரான்சில் கடலோரத்தில் இருக்கிற ஓர் ஊர். 2009இல் அங்கே கூடிய டாக்டர்கள், எண்களை வைத்துச் சண்டை போடுவதைவிட, உங்கள் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். கட்டி இருந்த இடம் இப்போது கொஞ்சமும் எரியவில்லை என்றால் 1. நெஞ்சின் நடுவில் இருக்கிற பெரிய ரத்தக்குழாய் அளவு அல்லது அதற்குக் கீழே என்றால் 2. அதைத் தாண்டியிருக்கிறது, ஆனால் கல்லீரலைத் தாண்டவில்லை என்றால் 3. கல்லீரலை ஓரளவு தாண்டினால் 4, வெகுவாகத் தாண்டினாலோ புதிய இடத்தில் நோய் வந்தாலோ 5. வழக்கமான சிகிச்சையில் 1, 2, 3 மூன்றையும் நல்ல பதிலாகவே எடுத்துக்கொள்கிறோம்.

எஸ்.யூ.வி. என்பது ஓர் இடம் எவ்வளவு சர்க்கரையை இழுத்தது என்று காட்டும் எண், அதைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் பார்க்காதீர்கள். அது அன்றைய சர்க்கரை அளவு, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் நடுவே ஆன நேரம், உங்கள் எடை, எந்தக் கருவி என்று பல விஷயத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். இத்தனைக்கு மேல் புற்றுநோய், கீழே இல்லை என்று ஒரு கோடு கிடையாது. முடிந்தால் எல்லா ஸ்கேனையும் ஒரே சென்டரில் எடுங்கள், பழைய ஸ்கேன் படங்கள் இருக்கிற டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள், படிக்கிறவர் பழையதைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நடுவில் எடுக்கிற இந்த ஸ்கேனால் என்ன பயன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது, முற்றிய நிலை ஹாட்ஜ்கின் நோயாளிகள் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல். இரண்டு சுற்று கீமோவுக்குப் பிறகு பெட் எடுத்தார்கள், 100க்கு 84 பேருக்குச் சுத்தமாக, அதாவது 3 அல்லது அதற்குக் கீழே வந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு நுரையீரலைக் கெடுக்கக்கூடிய பிளியோமைசின் மருந்தை மீதிச் சுற்றுகளில் நிறுத்திவிட்டார்கள், மற்றவர்களுக்கு அதையும் சேர்த்து கீமோவின் நான்கு மருந்தும் தொடர்ந்தது. 3 வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் 97 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், வித்தியாசம் இல்லை. இந்த முடிவு எனக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது என்று சொல்ல முடியாது, நாங்கள் படித்த காலத்தில் ஒரு இளைஞர் இருமினால் நோயா மருந்தா என்று தெரியாமல் தவிப்போம். உங்களுக்கும் பிளியோமைசின் போகிறது என்றால், அடுத்த தடவை டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மார்ஜினல் ஸோன் லிம்போமா. எல்லோருக்கும் பெட் எடுக்கிறார்கள், எங்கள் டாக்டர் மட்டும் சி.டி. போதும் என்கிறார். அலட்சியமா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை. மெதுவாக வளர்கிற சில வகைகள், மார்ஜினல் ஸோன் அதில் ஒன்று, சர்க்கரையை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது, பெட்டில் சரியாகத் தெரியாமல் போகலாம். அவற்றுக்கு சி.டி. வைத்தே ஸ்டேஜ் போடுவதும் வழிகாட்டுதலில் இருக்கிற முறைதான். திடீரென்று ஒரு கட்டி மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, காய்ச்சல், எடைக் குறைவு வந்தாலோ, நோய் வேகமான வகையாக மாறுகிறதா, எந்தக் கணுவை பயாப்ஸிக்கு எடுப்பது என்று பார்க்கப் பெட் உதவும். அப்போது அவரே எழுதுவார்.

கேள்வி: என் தங்கை 5 மாதக் கர்ப்பிணி. கழுத்துக் கட்டியில் ஹாட்ஜ்கின் என்று உறுதியாகியிருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்கு ஆபத்து, எடுக்காவிட்டால் ஸ்டேஜ் தெரியாது என்கிறார்கள். குழந்தையைக் கலைத்துவிடச் சொல்கிறார் மாமியார்.
- வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: சகோதரி, அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கதிர்வீச்சு இல்லாமலேயே முழு உடம்பையும் பார்க்க வழி இருக்கிறது, எம்.ஆர்.ஐ. அதில் டிஃப்யூஷன் என்ற ஒரு முறை உண்டு. அணுக்கள் நெருக்கியடித்து நிறைந்த இடத்தில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது, அந்த இடம் படத்தில் தனியாகத் தெரியும். கேடோலினியம் மருந்து ஊசி இல்லாமலே எடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கும், பல தடவை ஸ்கேன் தேவைப்படுகிற குழந்தைகளுக்கும் இது பெரிய உதவி. எல்லா ஊரிலும் செய்ய மாட்டார்கள், அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும், சிகிச்சைக்குப் பிறகு மிச்சமிருக்கிற கட்டியில் உயிர் இருக்கிறதா என்பதைப் பெட் அளவுக்குச் சொல்லாது, இவைதான் குறைகள். ஆனால் இப்போது உங்கள் தங்கைக்குத் தெரியவேண்டியது எங்கெங்கே இருக்கிறது என்பதுதான், அதற்கு எம்.ஆர்.ஐ. உதவும்.

கர்ப்பத்தின் முதல் 3 மாதம் தாண்டிவிட்டால் ஹாட்ஜ்கினுக்கான வழக்கமான கீமோவைத் தேவைப்பட்டால் கொடுக்க முடியும், அப்படிச் சிகிச்சை பெற்று நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். சில நேரம் பிரசவம் வரை கவனித்துக் காத்திருக்கவும் முடியும். புற்றுநோய் டாக்டரும் பிரசவ டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து தங்கையோடு பேச வேண்டும், மாமியாரையும் அந்த அறைக்குக் கூட்டிப் போங்கள், அவருடைய பயத்துக்கும் அங்கேதான் பதில் கிடைக்கும்.

கேள்வி: எனக்கு லிம்போமா குணமாகி 2 வருடம். 6 மாதத்துக்கு ஒருமுறை பெட் எடுத்தால் மறுபடி வருவதை முன்கூட்டியே பிடித்துவிடலாம் இல்லையா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசியாக எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்து, உடம்பில் தொந்தரவும் இல்லையென்றால் அப்படி எடுப்பதை வழிகாட்டுதல்கள் ஊக்குவிப்பதில்லை. காரணம், நல்லபடியாக இருப்பவருக்கு எடுத்தால் படத்தில் ஏதாவது ஒன்று எரியும். சளி பிடித்திருந்தால் தொண்டைக் கணு எரியும், தடுப்பூசி போட்ட கைப்பக்கம் அக்குள் எரியும், இளம் வயதினருக்குக் கீமோ முடிந்த சில மாதங்களில் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பி வளர்ந்து எரியும். அதைத் துரத்திக்கொண்டு போய் பயாப்ஸி, பயம், பணம் என்று மூன்று மாதம் போய்விடும். உங்கள் டாக்டர் சொன்ன தேதிகளில் போய்க் கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லி, ரத்தப் பரிசோதனை கொடுத்துவிட்டு வாருங்கள். குளிக்கும்போது நீங்களும் தொட்டுப் பாருங்கள். 2, 3 வாரமாகியும் கரையாத கட்டி, காரணமில்லாத காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடைக் குறைவு, இவற்றில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள்.